ஸ்காட்லாந்து புயலை மணிக்கணக்கா சொல்றாங்க, எங்க ஊர் மழையை ஏன் சொல்ல முடியல?

ஏரல்_பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். நான் கிளாஸ்கோவுல நர்ஸா வேலை பாக்கேன், சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டம் ஏரல் பக்கம். ரொம்ப நாளா மனசுல கிடக்குற கேள்வி, இங்க வானிலை தெரிஞ்சவங்க நிறைய பேர் இருக்கீங்கன்னுதான் கேக்கேன்.

2025 ஜனவரில இங்க ஏயோவின்னு ஒரு புயல் வந்துச்சு. காத்து அடிச்சது 24ஆம் தேதி வெள்ளிக்கிழமை, ஆனா செவ்வாய்க்கிழமையே பேர் வெச்சுட்டாங்க. வியாழக்கிழமை சாயங்காலம் வார்டுல இருந்த அத்தனை போனும் ஒரே நேரத்துல அலறுது, நோயாளிங்க போன், எங்க போன், டெஸ்க்ல இருந்த போன் எல்லாம். ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து ரெண்டுக்கும் சேத்து சுமார் 45 லட்சம் பேருக்கு அந்த எச்சரிக்கை போச்சுன்னு அப்புறம் நியூஸ்ல சொன்னாங்க. கிளாஸ்கோவுக்கு வெள்ளி காலை 10 மணிலேர்ந்து சாயங்காலம் 5 மணி வரை ரெட் அலர்ட்னு மணி போட்டே வந்துச்சு. ஸ்கூல் லீவு, ட்ரெயின் கிடையாது, சொன்ன நேரத்துக்கு காத்தும் வந்துச்சு.

இப்ப 2023 டிசம்பர் 17, 18. எங்க அம்மாவும் அப்பாவும் மொட்டை மாடில, கீழ வீட்டுக்குள்ள தண்ணி, ரெண்டு நாள் போன் போகல. இங்க ட்யூட்டி பாத்துக்கிட்டே நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தென் மாவட்டத்துக்கு கனமழைன்னு முன்னாடியே சொன்னாங்க, அதை இல்லைன்னு சொல்லல. ஆனா காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ, திருச்செந்தூர்ல 69 செ.மீ. இப்படி ஒரு அளவை யாரும் முன்கூட்டி சொல்லலையே.

ஏன் இப்படி? கம்ப்யூட்டர் பத்தலையா, ஆள் பத்தலையா, இல்ல வேற காரணமா? இங்க டிவில தினமும் ஜெட் ஸ்ட்ரீம் படத்தைக் காட்டி விளக்குதாங்க, அது நம்ம ஊர் மேல இல்லையா? இன்னொண்ணு, நாளைக்கு எவ்வளவு பெய்யும்னு சொல்ல முடியாதவங்க ஏப்ரல்லயே தென்மேற்கு பருவமழை இத்தனை சதவீதம்னு சொல்லுதாங்களே, அது எப்படி?


மேகம்_பாக்கறவன்:

தங்கச்சி, முதல்ல அம்மா அப்பா நல்லபடியா இருக்காங்கன்னு நம்புறேன். கேள்விக்கு வரேன், கொஞ்சம் நீளமா போகும்.

கம்ப்யூட்டர், ஆள் எல்லாம் ஒரு பங்குதான், பெரிய பங்கு வேற இடத்துல இருக்கு. கிளாஸ்கோ மேல இருக்கற காத்து மண்டலமும் ஏரல் மேல இருக்கறதும் வேற வேற விதமா வேலை செய்யுது. அங்க புயலை ஓட்டறது துருவத்துக் குளிர் காத்துக்கும் தெற்கே இருக்கற வெதுவெதுப்பான காத்துக்கும் நடுவுல இருக்கற வெப்பநிலை வித்தியாசம். அந்த எல்லைக்கு மேல 9, 10 கி.மீ உயரத்துல மேற்கேந்து கிழக்கா வேகமா ஓடுற காத்துப் பட்டைதான் ஜெட் ஸ்ட்ரீம். ஏயோவின் வந்த அதே வாரம், ஜனவரி 21ஆம் தேதி, அமெரிக்கால நியூ ஆர்லியன்ஸ்ல சுமார் 20 செ.மீ பனி கொட்டுச்சு, மெக்சிகோ வளைகுடா ஓரம் வரைக்கும் ஆர்க்டிக் குளிர் இறங்கிடுச்சு, அந்தக் குளிர் அட்லாண்டிக் பக்கத்து சூடான காத்தோட சேர்ற இடத்துல ஜெட் வேகம் எகிறுச்சு, அதுக்குக் கீழ ஒரு தாழ்வழுத்தம் மளமளன்னு ஆழமாச்சு, மூணே நாள்ல அயர்லாந்து. கால்வே பக்கத்துல மேஸ் ஹெட்ல மணிக்கு 183 கி.மீ பதிவாச்சு, அது அயர்லாந்து ரெக்கார்டு. இதுல எந்தப் படியும் சின்னது கிடையாது, எல்லாமே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அகலத்துல நடக்கற விஷயம், உலகத்தை 9 கி.மீ கட்டங்களா பிரிச்சு கணக்கு பண்ற ஐரோப்பிய வானிலை மையத்து கம்ப்யூட்டர் மாடலுக்கு அது தெளிவா தெரியும். அதோட அந்த அட்சரேகைல பூமி சுழற்சியோட பிடி பலம், அதனால அழுத்தம் தெரிஞ்சா காத்து எப்படி வீசும்னு கிட்டத்தட்ட சொல்லிடலாம்.

ஏரல் நிலநடுக்கோட்டுலேந்து ஒன்பது டிகிரி கூட இல்ல. அங்க அந்தப் பிடி ரொம்ப தளர்வு, நூறு கிலோமீட்டருக்கு வெப்பநிலை வித்தியாசமும் பெருசா இருக்காது. மழையை ஓட்டறது கடல்லேந்து ஏறுற ஈரமும் அது மேகமா மாறும்போது வெளிய விடுற வெப்பமும்தான். ஒரு இடி மேகம் பத்து கி.மீ அகலம் இருக்கும், ஒரு மணி நேரத்துல எழும்பி அடங்கிடும், ஆனா அதுலேந்து இறங்கற குளிர் காத்து பக்கத்துல அடுத்த மேகத்தைக் கிளப்பும், அது அடுத்ததை. இந்தச் சங்கிலில முதல்ல ஒரு சின்ன தப்பு இருந்தாலும் சில மணி நேரத்துல மழை விழற இடமே மாறிடும். 2023 டிசம்பர்ல வந்தது புயல் கூட இல்ல, பேர் வெக்கற தகுதியே இல்லாத ஒரு மேலடுக்கு சுழற்சி, குமரிக்கடல் பக்கத்துல நகராம நின்னுச்சு, வங்கக்கடல்லேந்து வந்த ஈரமான கிழக்கு காத்து மணிக்கணக்கா ஒரே பட்டைல கொட்டிக்கிட்டே இருந்துச்சு. தென் மாவட்டத்துல பலமா பெய்யும்ங்கற வரைக்கும் மாடல்ல தெரிஞ்சுது. காயல்பட்டினமா, கடலுக்குள்ளயா, இல்ல நாகர்கோவில் பக்கமா, அங்கதான் சிக்கல்.

எச்சரிக்கை முறைலயும் ஒரு ஓட்டை இருக்கு, இதை நான் எல்லா இடத்துலயும் சொல்லிட்டு வரேன். 20.4 செ.மீக்கு மேல போனா எல்லாமே அதிகனமழைதான். 21 செ.மீயும் அதே வார்த்தை, 95 செ.மீயும் அதே வார்த்தை. தாமிரபரணி ஓரத்துல இருக்கறவங்களுக்கு இந்த ரெண்டுக்கும் நடுவுல உயிரே இருக்கு, அதுக்கு தனியா ஒரு வார்த்தையும் தனியா ஒரு நடவடிக்கையும் இருந்தே ஆகணும்.

கடைசி கேள்விதான் எனக்குப் புடிச்சது. வானிலை விஞ்ஞானி எட்வர்ட் லோரன்ஸ் 1960கள்லயே காட்டிட்டார், ஆரம்பத்துல இருக்கற சின்ன பிழை பெருகிப் பெருகி சுமார் ரெண்டு வாரத்துல தினசரி வானிலையை முழுசா மூடிடும். ஆனா பருவமழை கணிப்பு தினசரியை சொல்றதே இல்ல, ஜூன்லேந்து செப்டம்பர் வரை நாடு முழுக்க மொத்தம் எவ்வளவுன்னு மட்டும் சொல்லுது. 1981ல வானிலை விஞ்ஞானிகள் ஜூல் சார்னியும் நம்ம ஜகதீஷ் சுக்லாவும் சேர்ந்து எழுதின கட்டுரைல இதைத்தான் வாதாடினாங்க: வெப்பமண்டலத்துல ஒரு சீசனோட மொத்த மழையை பெரும்பாலும் கீழ இருக்கற கடல் வெப்பநிலை, நிலத்து ஈரம், பனி மாதிரி மெதுவா மாறுற விஷயங்கள்தான் முடிவு பண்ணுது, அதுங்க மெதுவா மாறுறதால மாசக்கணக்குல முன்கூட்டி சொல்ல வழி இருக்குன்னு. கிளாஸ்கோவுல நிலைமை தலைகீழ். நாலு நாள் கழிச்சு வர்ற புயலை சொல்லிடுவாங்க, அடுத்த டிசம்பர்ல மழை அதிகமா கம்மியான்னு கேட்டா அந்த அளவு உறுதி இருக்காது, ஏன்னா ஜெட் ஸ்ட்ரீம் தானாவே வளைஞ்சு நெளிஞ்சு எங்க வேணா போகும், கடல் அதை அவ்வளவு கட்டுப்படுத்தறதில்ல.


பலூன்_ரிட்டயர்டு:

ஜெட் ஸ்ட்ரீம் நம்ம ஊர் மேல இல்லையான்னு கேட்டியேம்மா, இருக்கு. மெட்ராஸ்ல பல வருஷம் மேல்நிலைக் காத்து அளக்கற வேலை பாத்தவன் நான், அதை கண்ணால பாத்திருக்கேன்.

காலை 5.30, சாயங்காலம் 5.30 கணக்குக்கு பலூன் விடுவோம், ஹைட்ரஜன் நிரப்பி கீழ ஒரு சின்ன கருவிப் பெட்டியைக் கட்டி விடறது. ஜூலை மாசத்துல விட்டா அது முதல்ல கிழக்கே கடல் பக்கம் போகும், கீழ வீசறது தென்மேற்கு பருவக்காத்து, மேற்குக் காத்து. ஏழெட்டு கி.மீ உயரம் தாண்டினதும் தயங்கும், அப்புறம் திரும்பி கரையைப் பாத்து வரும், 14, 15 கி.மீ உயரத்துல மணிக்கு 150 கி.மீ வேகத்தை ஒட்டி மேற்கே பறக்கும். வெப்பமண்டல கிழக்கு ஜெட் அதுதான். அதை ஆராய்ஞ்சு 1950கள்ல உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் பி. கோட்டீஸ்வரம், பிற்பாடு இந்திய வானிலைத் துறைக்கே தலைவரா இருந்தவர். அதே மாதிரி கீழ ஒண்ணரை கி.மீ உயரத்துல ஆப்பிரிக்கா சோமாலியா கரையோரமா வந்து அரபிக்கடலைத் தாண்டி கேரளாவுல மோதற இன்னொரு ஜெட்டும் இருக்கு, பருவமழையோட ஈரத்தைச் சுமந்துட்டு வர்றதே அதுதான்.

இந்த ரெண்டும் வெள்ளைக்காரன் ஊர் ஜெட் மாதிரி தினம் ஒரு பக்கம் நெளியாது, சீசன் முழுக்க ஏறக்குறைய ஒரே இடத்துல நிக்கும். அதனால பருவமழை வரும்னு சொல்றது சுலபம், என்னிக்கு எந்தத் தாலுகாவுலன்னு சொல்றதுக்கு அது உதவாது.

மேகம் தம்பி சொன்னதுல ஒரு இடத்துல எனக்கு ஒப்புதல் இல்ல. கடலைப் பாத்தா சீசன் தெரிஞ்சுடும்ங்கற மாதிரி படிக்கறவங்க எடுத்துக்கக் கூடாது. 1904ல இங்க வந்த கில்பர்ட் வாக்கர், கணக்குல பெரிய மேதை, உலகம் பூராவும் அழுத்தம், மழை, வெப்பநிலை எல்லாத்தையும் திரட்டி ஒண்ணுக்கொண்ணு தொடர்பு போட்டுப் பாத்தார், தெற்கு அலைவுன்னு இன்னிக்கு எல்லாரும் சொல்றது, அதாவது பசிபிக் கடலோட ரெண்டு பக்கமும் காத்தழுத்தம் மாறி மாறி ஏறி இறங்கறது, அந்த உழைப்புல கிடைச்சதுதான். ஆனா அவர் கண்டுபிடிச்ச தொடர்பு பலது பிற்காலத்துல பலவீனமாச்சு. 1988லேந்து 16 அம்ச ஃபார்முலான்னு ஒண்ணு வெச்சு கணிச்சாங்க, பதினாலு வருஷம் ஓடுச்சு, 2002ல வழக்கமான மழைன்னு சொன்னாங்க, ஜூலைல நாட்டோட மழை ஏறக்குறைய பாதியாப் போச்சு, சீசன் சராசரில 81 சதவீதத்துல முடிஞ்சுது. 1997ல 2002ல வந்ததை விடப் பெரிய எல் நினோ (பசிபிக் கடல் வழக்கத்தை விட சூடாகறது; குளிர்ந்தா அது லா நினா), எல்லாரும் பஞ்சம்னு பயந்தாங்க, 102 சதவீதம் பெஞ்சுது. இந்தியப் பெருங்கடல்ல மேற்குப் பக்கம் சூடாகி கை குடுத்துச்சுன்னு இப்ப விளக்கம் சொல்றோம்.


முத்துப்பேட்டை_குமார்:

அண்ணே எல்லாம் படிச்சேன், நல்லா புரியுது. நான் பதினஞ்சு ஏக்கர் நெல்லு போடறவன். எனக்கு தெரிய வேண்டியது ரெண்டே ரெண்டு. அக்டோபர்ல குறுவை அறுக்கும்போது அஞ்சு நாள் வெயில் கிடைக்குமா, நவம்பர்ல சம்பா பயிர் தண்ணில நிக்குமா. வடகிழக்கு பருவமழை இந்த வருஷம் ஜாஸ்தின்னு சொன்னா நம்பி முடிவெடுக்கலாமா? எல் நினோ வந்தா நமக்கு மழை ஜாஸ்தின்னு ஒருத்தர் சொல்றாரு, லா நினா வந்தா ஜாஸ்தின்னு இன்னொருத்தர் சொல்றாரு.

2024ல ஃபெஞ்சல் வந்தப்பவும் அப்படித்தான், புயலாகும்னாங்க, ஆகாதுன்னாங்க, மறுபடி ஆயிடுச்சுன்னாங்க. அதுக்குள்ள மெஷினை வரச்சொல்லி திருப்பி அனுப்பி மறுபடி கூப்பிட்டு, வாடகை மட்டும் தண்டம்.


மேகம்_பாக்கறவன்:

ரிட்டயர்டு சார் சொன்னதை ஏத்துக்கறேன், வழி இருக்குன்னு சொன்னேனே தவிர கதவு முழுசா திறந்திருக்குன்னு சொல்லல.

குமார் அண்ணே, வடகிழக்கு பருவமழைக்கு எல் நினோ பொதுவா சாதகம், 2015 அதுக்கு உதாரணம். ஆனா 2021ல லா நினா இருந்தும் தமிழ்நாட்டுல அக்டோபர் டு டிசம்பர் 71 செ.மீ பெஞ்சுது, சராசரி 45 செ.மீ கிட்ட. 2016ல 17 செ.மீ, சரியான வறட்சி. அதனால அந்த ஒரு விஷயத்தை வெச்சு விதை நெல் முடிவு எடுக்காதீங்க. நம்ம சீசன்ல மூணு நாலு சிஸ்டம்தான் மொத்த மழையோட பெரும்பங்கைக் குடுக்கும், அதுல ரெண்டு ஆந்திரா பக்கம் போயிட்டா கணக்கே மாறிடும்.

அது ஏன் போகுதுங்கறதுதான் இந்தத் திரெட்டுக்கே வேர். வங்கக்கடல் புயலை நகத்தறது மேல இருக்கற உயரழுத்த மேடு. அதோட தெற்குப் பக்கம் இருந்தா புயல் மேற்கே நம்ம கரைக்கு வரும். நவம்பர், டிசம்பர்ல வடக்கே ஓடுற மேற்கு ஜெட்லேந்து ஒரு பள்ளம், அதாவது தெற்கே வளையற தாழ்வழுத்தப் பகுதி, இறங்கி வந்தா அந்த மேட்டை வெட்டிடும், புயல் வடக்கே திரும்பிடும். 2023 மிக்ஜாம் சென்னையை உரசிட்டு பாபட்லா போனதை பாத்தோம். சில நேரம் எந்தப் பக்கமும் இழுவை இல்லாம நடுவுல மாட்டிக்கும், ஃபெஞ்சல் அதுதான், புதுச்சேரி கிட்ட கரை ஏறி மணிக்கணக்கா அசையாம நின்னுச்சு, மயிலம், புதுச்சேரி ரெண்டுலயும் 50 செ.மீ ஒட்டி. இழுவை பலமா இருந்தா நாலு நாள் முன்னாடி கூட பாதை நல்லா தெரியும். இழுவை பலவீனமா இருந்தா முந்தின நாள் கூட ஆட்டம் காட்டும். ஆக எல்லாப் புயலுக்கும் ஒரே நம்பிக்கை வெக்கக் கூடாது, இந்தப் புயலுக்கு இழுவை இருக்கா இல்லையான்னு பாக்கணும்.

உங்க அறுவடைக்கு உதவறது ரெண்டு, மூணு வாரக் கணிப்பு. எம்ஜேஓன்னு ஒரு பெரிய மேகக் கூட்டம் 30லேந்து 60 நாளைக்கு ஒருமுறை நிலநடுக்கோட்டை ஒட்டி கிழக்கே நகரும், அது இந்தியப் பெருங்கடலுக்குள்ள நுழையும்போது வங்கக்கடல் விழிச்சுக்கும், தாண்டிப் போயிட்டா கொஞ்ச நாள் ஓய்வு கிடைக்கும். 2025 தென்மேற்கு பருவமழைக்கு மத்திய வேளாண் அமைச்சகம் ஏஐ மாடல் வெச்சு மழை எப்ப தொடங்கும்னு 3.8 கோடி விவசாயிகளுக்கு எஸ்எம்எஸ் அனுப்புச்சு, சில இடத்துக்கு நாலு வாரம் முன்னாடியே. அந்த வருஷம் கேரளாவுக்கு மே 24லயே மழை வந்து அப்புறம் மேல ஏறாம நடுவுல நின்னுச்சு, அந்த இடைவெளியையும் அது முன்கூட்டி புடிச்சுது. நம்ம வடகிழக்கு சீசனுக்கும் இதை செஞ்சாகணும், கலெக்டர் மனுநாள்ல போய் கேக்க வேண்டிய விஷயம் இது.


புனே_ஆய்வு_மாணவி:

உள்ள வரலாமா? இந்தத் துறைலதான் பிஎச்டி பண்றேன், ரெண்டு விஷயம் சேர்க்கணும்.

முதல்ல, நடு அட்சரேகைல, அதாவது ஐரோப்பா மாதிரி இடத்துல, எல்லாமே சுலபம்னு எடுத்துக்காதீங்க. 1999 டிசம்பர் 26 லோதார் புயல், ஜெட் அசுர வேகத்துல இருந்துச்சு, அதுக்குள்ள ஒரு சின்ன சுழல் மாட்டி சில மணி நேரத்துல வெடிச்சு பாரிஸை புரட்டிப் போட்டுச்சு, முந்தின நாள் கணிப்புலயே பல மாடல் கோட்டை விட்டுச்சு. அதே ஜெட் 2012ல சாண்டி புயலை நியூ ஜெர்சி பக்கம் இடதுபுறமா வளைச்சு இழுத்தப்ப ஐரோப்பிய மாடல் ஒரு வாரம் முன்னாடியே காட்டுச்சு. ஆக ஜெட் எந்த நிலைல இருக்குங்கறதைப் பொறுத்து முன்கூட்டி சொல்ற காலமும் நீளும், சுருங்கும்.

ரெண்டாவது, இந்த ரெண்டு உலகமும், மேற்கு ஜெட்டும் பருவக்காத்தும், தொட்டுக்கற இடம்தான் ரொம்ப ஆபத்து. 2010 ஜூலைல ரஷ்யா மேல ஜெட் வளைஞ்சு வாரக்கணக்கா அப்படியே நின்னுடுச்சு, மாஸ்கோவுல 38.2 டிகிரி, காடு எரிஞ்சுது. அந்த வளைவோட கிழக்கு ஓரம் பாகிஸ்தான் மேல பள்ளமா இறங்கி பருவக்காத்து ஈரத்தோட சேர்ந்துச்சு, ஏறத்தாழ 2 கோடி பேர் வெள்ளத்துல சிக்கினாங்க. வானிலை விஞ்ஞானி பீட்டர் வெப்ஸ்டர் குழு பின்னாடி ஐரோப்பிய மாடலோட பழைய கணிப்புகளை எடுத்துப் பாத்தப்ப அந்த மழை 6லேந்து 8 நாள் முன்னாடியே தெரிஞ்சிருக்கு. ஜெட்டோட அந்த வளைவு மாதிரி பெரிய அலை சம்பந்தப்பட்டதால வந்த பலன் அது. தகவல் இருந்தும் சிந்து நதிக்கரைல இருந்தவங்களுக்குப் போய்ச் சேரலைங்கறதை நினைச்சா எனக்கு இன்னமும் ஆத்திரமா வரும். 2013 ஜூன்ல கேதார்நாத் வெள்ளமும் இந்த வகைதான், வழக்கத்தை விட ஒரு மாசம் முன்னாடி பருவமழை வடக்கே ஏறிடுச்சு, அங்க மேற்கேந்து வந்த பள்ளம் ஒண்ணு அதோட மோதுச்சு.

ஏரல் அக்கா கேட்ட 2023 டிசம்பர்ல இப்படி வழிகாட்டற பெரிய அலை இல்ல. அதான் அவ்வளவு கஷ்டம்.


ஏரல்_பொண்ணு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அழுகையும் வந்துச்சு, தெளிவாவும் ஆச்சு. அப்பா ஊரை விட்டு வர மாட்டேன்னுட்டாரு. இங்க இருந்துக்கிட்டு அடுத்த டிசம்பர்ல நான் எதைப் பாத்து அவருக்கு போன் பண்ணணும்? அதை மட்டும் யாராவது சொல்லுங்க.


புனே_ஆய்வு_மாணவி:

அக்கா, ஒரே ஒரு மாடல் படத்தை வாட்ஸ்அப்ல யாராவது அனுப்பினா அதை விட்டுடுங்க. ஐரோப்பிய மையம் ஆரம்ப நிலையைக் கொஞ்சம் கொஞ்சம் மாத்தி 51 தடவை ஓட்டுது, இணையத்துலயே பாக்கலாம். 51ல நாலஞ்சு மட்டும் தூத்துக்குடி, நெல்லைல 30, 40 செ.மீ காட்டினாலும் அப்பாவுக்கு போன் பண்ணிடுங்க. சராசரியைப் பாத்தா அது 10 செ.மீன்னுதான் தெரியும், ஏமாந்துடக் கூடாது.

சுழற்சி குமரிக்கடல் பக்கம் ரெண்டு நாள் நகராம இருக்கும்னு வானிலை மைய அறிக்கைல வந்தா அது புயலா இல்லையான்னு பாக்காதீங்க. அதோட பாபநாசம், மணிமுத்தாறு, சேர்வலாறு அணை நிலவரத்தையும் தினம் பாருங்க. டிசம்பர்ல அணை நிறைஞ்சு கிடந்தா மலைல பெய்யறது அப்படியே கீழ வரும், ஏரலுக்கு வந்து சேர சில மணி நேரம் ஆகும், அந்த நேரத்துல அப்பாவும் அம்மாவும் மேடான இடத்துல இருக்கற சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிடணும். யார் வீடு, யார் ஆட்டோன்னு இப்பவே பேசி வெச்சிடுங்க.


பலூன்_ரிட்டயர்டு:

போன் டவர் முதல்ல போயிடும்மா. பேட்டரி ரேடியோ ஒண்ணு வாங்கிக் குடு, தூத்துக்குடி வானொலி எடுக்கும்.